'இன் யூட்டெரோ'வின் சிங்கிள்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் எல்லோரும் நலம். விக்கிப்பீடியாவில் நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுவின் 1993 ஆல்பமான 'இன் யூட்டெரோ'வின் பக்கத்தைச் சீர்செய்ய உட்கார்ந்திருக்கிறாய் என்றும், தகவற்பெட்டியின் (பக்கத்தின் ஓரத்தில் வரும் சுருக்க விவரக் கட்டம்) அடியில் வரும் சிங்கிள் பட்டியலில், அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிட்ட பாட்டுகளின் பட்டியலில், இரண்டு பாட்டா மூன்று பாட்டா என்று உரையாடல் பக்கத்தில் ஒருவர் மல்லுக்கு நிற்கிறார் என்றும் எழுதியிருந்தாய். சரியான ஆல்பத்தில்தான் கை வைத்திருக்கிறாய். சிங்கிள் விஷயத்தில் வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய அத்தனையும் இந்த ஒன்றிலேயே இருக்கிறது.

முதலில் "இது சிங்கிளா, இல்லையா" என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாகப் போடு. அப்படிக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். எந்த நாட்டில், எந்த வடிவில், என்று, கடையில் விற்பதற்கா வானொலிக்கு அனுப்புவதற்கா என்று கேள். இவை ஒவ்வொன்றுக்கும் சான்று தேட முடியும். மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தரவுத்தளம் படைப்பு, ஒலிப்பதிவு, வெளியீடு என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. பயனர்கள் ஏற்றும் தரவு என்பதால் அதைச் சான்றாகக் காட்டினால் யாராவது நீக்கிவிடுவார்கள். ஆனால் அந்தப் பிரிப்பை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிங்கிள் என்பது பாட்டின் குணம் அல்ல, ஒரு வெளியீட்டின் வகை.

'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்' பாட்டையே எடுத்துக்கொள். 1993 ஆகஸ்டில் பிரிட்டனில் கடைக்கு வந்தது, அங்கே 5ஆம் இடம் பிடித்தது. அமெரிக்காவில் அதைக் கடைக்கே அனுப்பவில்லை. சிங்கிளை விற்றால் ஆல்பத்தின் விற்பனை குறையும் என்ற கணக்கு. வானொலிக்கு மட்டும் போனது. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம், மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியலில் 4ஆம் இடம். எல்லா வகைப் பாட்டுக்கும் பொதுவான ஹாட் 100 பட்டியலில் ஆளையே காணோம். இதைப் பார்த்துவிட்டு "அமெரிக்காவில் எடுபடவில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 1998 டிசம்பர் வரை, கடையில் சிங்கிளாக விற்காத பாட்டு ஹாட் 100இல் நுழையவே முடியாது என்பது விதி. அந்த டிசம்பரில்தான் வானொலி ஒலிபரப்பை மட்டும் வைத்தும் நுழையலாம் என்று மாற்றினார்கள். ஆகவே 90களின் அமெரிக்க ராக் ஆல்பம் எதைத் தொட்டாலும், ஹாட் 100 கட்டத்தில் கோடு மட்டும் போட்டுவிட்டு நகராதே. கடையில் சிங்கிளாக வெளியாகவில்லை என்ற காரணத்தை அடிக்குறிப்பாகச் சேர். அட்டவணைக்குக் கீழே வழக்கமாக வரும் "பட்டியலில் இடம்பெறவில்லை அல்லது அங்கு வெளியாகவில்லை" என்ற வரி, இரண்டு வேறு விஷயங்களை ஒரே கோட்டுக்குள் அடைத்துவிடுகிறது. வாசகருக்கு எது என்று தெரியாது.

தேதி விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு கைவசம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் பிரிட்டனில் சிங்கிள்கள் திங்கட்கிழமை வரும். அந்த வார விற்பனையை வைத்து அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டியலை அறிவிப்பார்கள். அச்சில் அதற்கும் அடுத்த சனிக்கிழமையின் தேதி இருக்கும். ஆக, வெளியான திங்களோடு 6 நாள் கூட்டினால் அறிவித்த ஞாயிறு, 12 நாள் கூட்டினால் அச்சில் இருக்கும் சனி. 'ஆல் அபாலஜீஸ்' 1993 டிசம்பர் 6, திங்கள். அப்படியானால் முதல் பட்டியல் 12ஆம் தேதி ஞாயிறு அறிவிக்கப்பட்டு, 18ஆம் தேதி போட்டு அச்சாகும். ஒரு மூலம் 12 என்றும் இன்னொன்று 18 என்றும் சொன்னால் இரண்டும் ஒரே பட்டியல்தான். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால், வெளியான தேதியில் சந்தேகம் வரும்போது சரிபார்க்கலாம். யாராவது புதன்கிழமையில் விழும் தேதியைப் பிரிட்டன் வெளியீடு என்று போட்டிருந்தால் சந்தேகப்படு. ஆல்பத்துக்கும் இதே சோதனை உதவும். பிரிட்டனில் 1993 செப்டம்பர் 13, திங்கள். அமெரிக்காவில் 21, செவ்வாய். உலகம் முழுக்க வெள்ளி என்று ஆனது 2015 ஜூலை 10 முதல்தான். ஆனால் இது சரிபார்க்கும் கருவி மட்டும். கணக்குப் போட்டுக் கிடைத்த தேதியைச் சான்றில்லாமல் பக்கத்தில் ஏற்றினால் அது சொந்த ஆய்வு என்று தூக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. டிஸ்கில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் நம்பாதே. அது பெரும்பாலும் ஒலிப்பதிவின் உரிமை ஆண்டு, சிங்கிள் வெளிவந்த ஆண்டு அல்ல.

இனி இரட்டை ஏ-சைட். டிசம்பரில் வந்த அந்த டிஸ்கில் 'ஆல் அபாலஜீஸ்', 'ரேப் மீ' இரண்டும் சம மதிப்போடு முன்பக்கப் பாடல்கள். பிரிட்டன் பட்டியலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடம், 32. இதை இரண்டு பாட்டின் பக்கத்திலும் போடலாம். அமெரிக்க மாடர்ன் ராக் முதலிடமோ 'ஆல் அபாலஜீஸ்' பாட்டுக்கு மட்டும். ஒரு பக்கத்தின் அட்டவணையை அப்படியே நகலெடுத்து மற்றதில் ஒட்டுகிறபோதுதான் 'ரேப் மீ'க்கு இல்லாத முதலிடம் கிடைத்துவிடுகிறது. ஆல்பப் பக்கத்தின் சிங்கிள் பட்டியலில் இரண்டு பெயரையும் சாய்கோட்டால் பிரித்து ஒரே வரியில், ஒரே தேதியோடு போடு. இரண்டு வரியாக்கினால் எண்ணிக்கை தப்பாகும். முந்தைய சிங்கிள், அடுத்த சிங்கிள் என்று வரும் வரிசையும் அதோடு உடையும்.

உங்கள் சண்டைக்கு மூலகாரணம் அதே ஆல்பத்தின் 'பென்னிராயல் டீ' பாட்டுதான் என்று ஊகிக்கிறேன். 1994 ஏப்ரலில் சிங்கிளாக வரவேண்டியது. டிஸ்க் அச்சாகித் தயாராக இருந்தது. ஏப்ரல் 5இல் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தப்பிய சில பிரதிகள் சேகரிப்பாளர்களிடம் சுற்றுகின்றன. அச்சான பிரதி கையில் இருப்பதால் "வெளியானது" என்று வாதிடுவார்கள். அச்சானது வேறு, வெளியானது வேறு. பிறகு 2014 ஏப்ரல் 19, ரெக்கார்டு ஸ்டோர் டே என்ற இசைத்தட்டுக் கடைகளின் நாளன்று 7 அங்குல இசைத்தட்டாக முறைப்படி வந்தது. என் முடிவைச் சொல்கிறேன்: பாட்டின் பக்கத்தில் 1993 பாடல்கள், 2014 சிங்கிள்கள் என்ற இரண்டு பகுப்புகள். 1994 விவகாரம் உரைநடையில் ஒரு பத்தி. ஆல்பத்தின் தகவற்பெட்டிப் பட்டியலில் சேர்க்காதே. அந்தப் பட்டியல் ஆல்பத்தோடு சேர்த்து வெளியிட்டவற்றுக்கானது, இருபது வருடம் கழித்து வந்ததற்கு அங்கே என்ன வேலை? எதிர்க்கட்சி ஒப்புக்கொள்ளாவிட்டால் உரையாடல் பக்கத்தில் கருத்துக் கேள். 24 மணி நேரத்தில் அடுத்தவர் திருத்தத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை உனக்கும்தான் விழும்.

அந்த சிங்கிளுக்காக எடுத்துக்கொண்டது ஸ்காட் லிட்டின் கலவை (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்த வடிவம்). ஆல்பத்தில் இருப்பது, அதை ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பினியுடையது. லிட்டின் கலவை அமெரிக்கப் பெருங்கடைகளுக்காக 1994இல் மாற்றி வெளியிட்ட பதிப்பிலும், 2002இல் வந்த தொகுப்பு ஆல்பத்திலும் இருக்கிறது. (அந்தப் பெருங்கடைப் பதிப்பின் பின்னட்டையில் 'ரேப் மீ'யின் பெயர் 'வெய்ஃப் மீ' என்று இருக்கும். அதை நம்பித் தனிப் பாட்டு என்று பக்கம் தொடங்காமல், ஒரு வழிமாற்று (வேறு பக்கத்துக்குத் தானாகத் திருப்பும் இணைப்பு) போட்டால் போதும்.) 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டையும் லிட் மறுகலவை செய்தது ஆல்பத்துக்கே. ஆகவே தயாரிப்பாளர், கலவையாளர் பெயர்களை ஆல்பப் பக்கத்திலிருந்து மொத்தமாக இழுத்து எல்லாப் பாட்டுக்கும் ஒட்டக்கூடாது. மறைந்த அல்பினி தன்னைத் தயாரிப்பாளர் என்று போட விரும்பியதில்லை, "ஒலிப்பதிவு" என்றே பெயர் வரவேண்டும் என்று சொல்லிவந்தார். தகவற்பெட்டியில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடுவது வழக்கமாகிவிட்டது. போடு, ஆனால் உரையில் அட்டையில் உள்ளபடி எழுது.

எழுதியவர் பெயரிலும் இதே பொறி. 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்' சிடியில் கூட வந்தவை 'மில்க் இட்', 'மேரிகோல்ட்'. இதில் 'மேரிகோல்ட்' குழுவின் டிரம்மர் டேவ் குரோல் எழுதிப் பாடியது. தகவற்பெட்டியில் எழுதியவர் என்ற இடம் தலைப்புப் பாட்டுக்கு மட்டும். குரோல் பெயர் பாடல் வரிசையில், அந்தப் பாட்டின் எதிரில் வரவேண்டும். 7 அங்குலம், 12 அங்குலம், சிடி என்று வடிவத்துக்கு வடிவம் பாடல் வரிசை மாறும் என்பதால் தனித்தனியாகக் கொடு.

சான்றுக்கு டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விவரத் தளத்தை நேரடியாகச் சுட்டாதே, அதுவும் பயனர் ஏற்றியதே. அங்கே இருக்கும் அட்டைப் படத்தைப் பார்த்து, இசைத்தட்டையே சான்றாக்கலாம். ஊடகக் குறிப்பு மேற்கோள் வார்ப்புருவில் கலைஞர், ஆண்டு, நிறுவனம், பட்டியல் எண், நாடு எல்லாம் நிரப்பு. நாட்டை விட்டுவிட்டால் அந்தச் சான்று பாதிச் சான்று. வானொலிக்கு அனுப்பிய தேதிகளுக்குப் பல பக்கங்களில் ஆல் ஆக்சஸ் என்ற வானொலித் துறைத் தளத்தைச் சுட்டியிருப்பார்கள். அது 2023இல் மூடிவிட்டது. பழைய இணைப்பை நீக்காமல் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் உள்ள நகலைச் சேர்.

அடுத்து ஒரு புதிய ராக் ஆல்பத்தைத் தொடப்போவதாகச் சொன்னாயே, அங்கே தொல்லை வேறு மாதிரி. ஆப்பிள் மியூசிக்கில் பெயருக்குப் பக்கத்தில் "சிங்கிள்" என்று இருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஒன்று முதல் மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்குள், மொத்தம் 30 நிமிடத்துக்குள் என்றால் எதற்கும் அந்தப் பெயர் தானாக விழும். முன்பதிவு செய்தவர்களுக்கு உடனே கொடுக்கும் பாட்டும் அப்படியே வரும். வானொலிக்கு அனுப்பினார்களா, நிறுவனமோ நம்பத்தகுந்த இதழோ சிங்கிள் என்று சொல்கிறதா என்று பார். இல்லையென்றால் விளம்பர சிங்கிள். அதை உரையில் சொல், பெட்டிப் பட்டியலில் ஏற்றாதே.

எல்லா சிங்கிளுக்கும் தனிப் பக்கம் வேண்டும் என்பதும் இல்லை. ஆல்ப விமர்சனத்தில் வந்த ஒற்றை வரிகள் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஆல்பத்துக்கு வழிமாற்று போதும். அந்த வழிமாற்றுப் பக்கத்திலேயே ஆண்டு, கலைஞர் பகுப்புகளைப் போட்டுவிடு, இதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

அட்டைப் படம் கடைசியாக. பாட்டின் பக்கத்தை உருவாக்கிய பிறகு ஏற்று. எந்தப் பக்கத்திலும் பயன்படாத நியாயப் பயன்பாட்டுப் படத்தை (காப்புரிமை உள்ளதை வரம்போடு பயன்படுத்துவது) 7 நாளில் நீக்கிவிடுவார்கள். அளவு ஏறத்தாழ 300க்கு 300 பிக்சல் போதும். வானொலிக்கு வெற்று உறையில் போன டிஸ்குக்கு ஆல்ப அட்டையை மாட்டிவிடாதே, இடம் காலியாகவே இருக்கட்டும். ஒலித்துணுக்கு சேர்த்தால் பாட்டின் நீளத்தில் 10 விழுக்காடு அல்லது 30 நொடி, எது குறைவோ அது. 4 நிமிடப் பாட்டுக்கு 24 நொடிதான். 30 நொடி என்று ஏற்றிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

'பென்னிராயல் டீ' பத்தியை முதலில் மணல்தொட்டியில் (எழுதிப் பார்க்கும் சோதனைப் பக்கம்) எழுதி எனக்கு இணைப்பு அனுப்பு. 1994 திரும்பப் பெற்றதற்கு எந்தச் சான்றை வைக்கப்போகிறாய் என்று பார்த்துவிட்டு உரையாடல் பக்கத்தில் நானும் ஒரு வரி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்