கட்டுரையில் பெயர் வராதவர்களுக்கு நன்றி

பென்னாகரத்துச் சொந்தங்களுக்கும், எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கும், ஆய்வுக்கூடத்தில் கூட இருந்தவர்களுக்கும் வணக்கம்.

டி.என்.ஏ. பழுதுநீக்கம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு முடிந்து, பொது வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக நடந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் சிலர் பெயர்தான் வரும். வராதவர்கள் செய்ததை ஊரறியச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, புற ஊதாக் கதிரால் அடிபட்ட தன் டி.என்.ஏ.வை எப்படிச் சரிசெய்துகொள்கிறது என்பதுதான் என் ஆய்வு. கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று புரதங்கள் சேர்ந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, 12 அல்லது 13 நியூக்ளியோடைடு (இழைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணி) நீளத்துக்கு இழையை வெட்டி எடுக்க வழி செய்யும். பாலிமரேஸ் என்ற நொதி இடைவெளியை நிரப்பும், லிகேஸ் என்ற நொதி மூட்டும். இதை அளக்கும்போது அறைக்குள் பகல் வெளிச்சம் வந்தாலே கணக்குக் கெட்டுவிடும். ஏனென்றால் அதே பாக்டீரியாவிடம் ஃபோட்டோலையேஸ் என்ற இன்னொரு நொதியும் உண்டு. நீல வெளிச்சம் கிடைத்தால் போதும், ஒட்டிய தைமின்களை வெட்டாமலே பிரித்துவிடும்.

அதனால் அண்ணன் ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினார், கதவடியில் சாக்கை மடித்து வைத்தார், மஞ்சள் விளக்கு மாட்டினார். கழுவிய கண்ணாடித் தட்டு ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிச் சாய்த்துப் பார்ப்பார். சோப்புக் கறை ஒரு கோடு தெரிந்தாலும் மறுபடி கழுவுவார். என் எண்களை மற்றவர்கள் நம்புகிறார்கள் என்றால் அதில் பாதி அவர் கைவேலை. அண்ணா, உங்களுக்கு என் முதல் நன்றி.

அடுத்து, மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுத்த டீச்சர். 2015இல் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சன்ஜார் மூவருக்கும் டி.என்.ஏ. பழுதுநீக்க ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, செய்தித்தாளை வெட்டி வகுப்புப் பலகையில் ஒட்டினார். சன்ஜார், துருக்கியின் சாவூர் என்ற சிற்றூரில் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர். ஊரிலேயே மருத்துவராக இருந்துவிட்டு அப்புறம் ஆய்வுக்குப் போனவர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் எங்கள் தருமபுரி. கைநாட்டு வைக்கும் வீடுகளிலிருந்து வந்த எங்களிடம் டீச்சர் அந்த மனிதரைப் பற்றி ஒரு பீரியட் முழுக்கப் பேசினார். அந்தப் பேச்சுதான் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது. டீச்சர், மனமார்ந்த நன்றி.

தம்பிக்கு என்ன சொல்வது! பட்டுப்புழுவுக்கு விடுமுறை கிடையாது. நான் படிக்கப் போன காலமெல்லாம் மல்பெரித் தழை வெட்டியதும், ராத்திரித் தீனி போட்டதும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டை ஏற்றியதும் அவன்தான். கூடு விற்ற காசில் எனக்கு விடுதிக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் அம்மா மற்ற கணக்கைப் பார்ப்பார்.

நெறியாளருக்கும், உதவித்தொகை தந்த அரசுக்கும் ஆய்வேட்டிலேயே நன்றி எழுதிவிட்டேன்.

தேர்வுக்கு வேன் பிடித்து வந்த ஊர்க்காரர்களை மறக்க முடியாது. எல்லாரும் எழுந்த பிறகு பெரியப்பா கேட்டார்: “பொழுதுக்கும் வெயில்ல நிக்கிறோமே கண்ணு, எங்களுக்கும் அந்தப் பழுது வருமா?” அன்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். வரும், பெரியப்பா. ஃபோட்டோலையேஸ் மனிதருக்குக் கிடையாது. நமக்கு இருப்பது வெட்டி நிரப்பும் வழிதான், ஏறக்குறைய 30 நியூக்ளியோடைடு நீளத் துண்டாக எடுக்கும். அந்த வழி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் புற்றுநோய் மிக எளிதாக வரும். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அந்த நோயில் பழுதுநீக்கமே குறைந்திருப்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். நம் தோலின் கருநிறம் ஓரளவு காக்கும், ஆனாலும் தலைத்துண்டைக் கழற்றாதீர்கள்.

வேனில் இடம் கிடைக்காமல் வர முடியாதவர்களுக்காக, பொங்கல் விடுமுறையில் நம் பள்ளியில் இதையெல்லாம் தமிழில் சொல்லப் போகிறேன். டீச்சர் அனுமதி வாங்கிவிட்டார். பெரியப்பா, அடுத்த கேள்வியோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்