மாப்பிள்ளை காணி புரோக்கர் ஆனதைப் பற்றி, தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்று மாதமாக வீட்டுக்குக் காசு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையில்கூட மாப்பிள்ளை வீட்டில் தங்குவதில்லை, கொழும்பில் புறக்கோட்டைக் கடை வேலையை விட்டுவிட்டு ஹட்டனுக்கு வந்து காணி புரோக்கர் ஆனது சரியா என்று கேட்டிருந்தாய். நானும் பண்டாரவளையில் இதே தொழிலில்தான் இருக்கிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். இந்தத் தொழிலில் இறங்கியவர்களின் வீட்டுப் பெண்கள் பலர் அண்ணியிடமும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

முதலில் காசு. மாப்பிள்ளை 30 லட்சத்துக்கு ஒரு காணியை முடித்துக் கொடுத்தால், வழக்கமான மூன்று வீதக் கொமிஷன் 90,000 ரூபா. வாங்குகிற பார்ட்டியைக் கூட்டி வந்தது இன்னொரு புரோக்கர் என்றால் பாதி அவருக்கு. கைக்கு வருவது 45,000. பெற்றோல், போன், பதிவகத்துக்கு அலைந்த செலவு எல்லாம் அதில்தான். அதுவும் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதி முடிகிற நாளில்தான் வரும்.

அந்த நாள் ஏன் இவ்வளவு தள்ளிப்போகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்கு அந்தக் காணி யார் யார் கைக்கு மாறியது என்று தேட வேண்டும். பிளான் பழையது என்றால் சர்வேயர் வந்து மறுபடி அளக்க வேண்டும். விற்கிறவர்களில் ஒரு தம்பி கட்டாரில் இருப்பார்; தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அவர் அற்றோர்னித் தத்துவம் எழுதி அனுப்பும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுத்தால், வங்கியின் சட்டத்தரணி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். இதெல்லாம் சரியாகிற நேரத்தில், முத்திரைத் தீர்வை எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குகிறவர் பின்வாங்குவதும் உண்டு. முதல் லட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நான்கு வீதம். 30 லட்சத்துக்கு 1,19,000 ரூபா. உறுதி எழுதுகிற நொத்தாரிஸின் கூலி வேறு. இதை முதல் நாளே வாங்குகிறவரிடம் சொல்லிவிடு என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். சொல்லத் தயங்குகிறார். கேட்டால் ஆள் ஓடிவிடுவார் என்று பயம். ஓடுகிறவர் முதல் நாளே ஓடட்டும். உங்கள் இரண்டு மாத பெற்றோல் மிச்சமாகும்.

இப்போது உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவ மழை. வட்டவளை, கினிகத்தேனை எல்லாம் நனைந்து கிடக்கிற இந்த மாதங்களில்தான் எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். அதனால் கொழும்புப் பார்ட்டிகள் பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் வருகிறார்கள், ஹட்டனில் ஆள் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு இதே நிலைமை. ஆனால் ஒன்று, மலைக் காணியை மழையில்தான் பார்க்க வேண்டும். வெயிலில் எல்லாக் காணியும் நல்ல காணிதான். மழையில் போனால் மேலிருந்து வருகிற தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்புகிறதா, தாங்கு சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, மேட்டில் மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று எல்லாம் தெரியும். மாப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு வெறும் கையோடு திரும்பி வருகிறார் என்று நீ சொன்னாயே, அந்த நாட்களில் அவர் பார்த்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்.

மீரியபெத்தை உனக்கு நினைவிருக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளோடு மண் இறங்கியபோது நாங்கள் இங்கே பக்கத்தில் இருந்தோம். அப்புறம் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்சரிவு ஆபத்தைப் பற்றிய தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் நம் பக்கம் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. அது சும்மா ஒரு தாள் என்று பேசுகிற புரோக்கரோடு மாப்பிள்ளை சேர்ந்து வேலை செய்யக் கூடாது. அறிக்கை வந்த பிறகுதான் அட்வான்ஸ் என்று அவர் சொன்னால், அந்த மாதம் கொமிஷன் வராமல் போகலாம். அப்போது நீ அவர் பக்கம் நிற்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்பது முக்கியமாக இதைத்தான்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் பிழைகள் வீட்டு நெருக்கடியில்தான் தொடங்குகின்றன. அரிசி வாங்கக் காசில்லாத கிழமையில் ஒரு புரோக்கருக்குப் பெர்மிட் காணி வந்தால் கை நடுங்கும். பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அரசாங்கம் கொடுத்தது. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அது கைமாறினால் செல்லாது. ஆனாலும் "கடிதம் எழுதித் தருகிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விற்கிறவர் சொல்வார். தோட்டத்து லயன் காம்பராவையும் அதன் பக்கத்து மரக்கறித் தோட்டத்தையும்கூட இப்படிக் கடிதத்தில் விற்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிஸ் முன்னாலும் இரண்டு சாட்சிகள் முன்னாலும் எழுதாத காணி விற்பனைக்குச் சட்டத்தில் பெறுமதி கிடையாது.

நம் ஆட்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். ஒரு அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு, கொழும்புக் கடையில் நிற்கிற மகனின் சம்பளம், அடகில் வைத்த நகை, எல்லாம் சேர்ந்துதான் அந்த அட்வான்ஸ். இருநூறு வருடமாக இந்த மலையில் உழைத்த ஆட்கள் நாம். 1972 காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975 இல் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின, 1992 இல் நிர்வாகம் கம்பெனிகள் கைக்கு மாறியது. இவ்வளவு கைமாற்றத்திலும் லயத்தில் இருந்தவர் பெயருக்கு ஒரு பேர்ச் நிலம்கூட வரவில்லை. பிறகு ஏழு பேர்ச்சில் வீட்டுத் திட்டம் வந்தது. அது கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் தங்கள் காசில் எட்டு பேர்ச், பத்து பேர்ச் தேடி மாப்பிள்ளையிடம் வருகிறார்கள். அவர்கள் வீட்டில் முதல் உறுதி அதுதான். அது செல்லாத காகிதமாகிவிட்டால் அவர்களுக்கு இன்னொரு தடவை வாங்க ஆயுள் போதாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

போன வருடம் ஒரு குடும்பம் வெலிமடைப் பக்கம் ஒரு பெர்மிட் காணிக்கு வெள்ளிக்கிழமையே அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக நின்றது. முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். போய்க் கேட்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். விற்கிறவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். அந்த மாதம் வீட்டை அண்ணியின் தையல் மெஷின்தான் நடத்தியது. சில மாதங்களுக்குப் பிறகு அதே குடும்பம் தியத்தலாவையில் உறுதிக் காணி வாங்கியது. பக்கத்து வீட்டுக் கிணறு வற்றி, சுவர் வெடித்திருப்பதைக் காட்டி, உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது இந்தப் பகுதியில் எத்தனை கிணறுகள் வற்றின என்பதையும் சொல்லித்தான் அந்தக் காணியை அவர்களுக்குக் காட்டினேன். தெரிந்தே விலை பேசினார்கள், குறைத்தும் வாங்கினார்கள்.

அட்வான்ஸ் காசைப் பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் வீட்டு அலுமாரிக்குள் வரவே கூடாது. நொத்தாரிஸிடம் உடன்படிக்கை எழுதி, வாங்குகிறவரிடமிருந்து விற்கிறவருக்கு நேராகப் போகட்டும். இரண்டு நாளைக்கு வைத்திரு என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதே. பிள்ளையின் டியூஷன் காசுக்கு அதில் கை வைக்கிற நாள் வந்துவிடும்.

இனி ஞாயிறு. வாங்குகிற ஆட்களுக்கு லீவு நாள் அதுதான், புரோக்கருக்கு வேலை நாள். இதை மாற்ற முடியாது. ஆனால் முழு ஞாயிற்றையும் கொடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு நான் வீட்டில் இருப்பேன், போன் அண்ணியிடம் இருக்கும். அப்போது கூப்பிடுகிற பார்ட்டிக்கு நான்கு மணிக்குப் பேசுவார் என்று அண்ணி சொல்வாள். அதனால் கைவிட்டுப் போன காணி எதுவும் இல்லை. திங்கட்கிழமையும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது நான்தான். மாப்பிள்ளையிடம் இதை நீ கேட்டு வாங்கு. பொறுத்துக்கொண்டு மனதுக்குள் வைக்காதே. காசு வருகிற மாதத்தில் மூன்று பங்காக்கி இரண்டு பங்கை வராத மாதங்களுக்கு எடுத்து வை. 2022 இல் பெற்றோலும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை என்று ஆனபோது, எடுத்து வைத்ததில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

இன்னொன்று. உனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். மாப்பிள்ளைக்குப் பேச மட்டும்தான் வரும். நம் பக்கத்து உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில், பழையவை ஆங்கிலத்தில். வாங்குகிற அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. நொத்தாரிஸ் அறையில் அவசரத்தில் சொல்வது காதில் ஏறாது. முதல் நாளே அவர்களை உன் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் கொடு. அண்ணி இங்கே அதைத்தான் செய்கிறாள். பெண்கள் அவளிடம் கேட்கிற கேள்வி என்னிடம் வராது: இரவில் பஸ்ஸால் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், தண்ணீர் யாருடைய காணி வழியாக வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பாரா. இது வேலைதான். கொமிஷனில் உன் பங்கு என்று ஒரு தொகையை உன் பெயரில் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

கினிகத்தேனைக் காணியின் உறுதி நகல் வீட்டில் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். இன்றிரவு அதை எடுத்துக் கடைசியில் இருக்கும் அட்டவணையை வாசி. பிளான் இலக்கமும் நான்கு எல்லைகளும் சர்வேயரின் பிளானோடு ஒத்துப்போகிறதா பார். முக்கியமாக, பெரிய பாதையிலிருந்து காணிக்கு வருகிற பத்தடி வழி அதில் எழுதப்பட்டிருக்கிறதா பார். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை நொத்தாரிஸிடம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
அண்ணன்
பண்டாரவளை