மீன் தராசுக்கும் கிழிந்த வலைக்கும் நன்றி

அன்புள்ள பெற்றோருக்கும் எங்கள் முன்பள்ளிக்குக் கைகொடுத்த அயலவர்களுக்கும்,

முதலாந் தவணையில் என்னோடு கோபித்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். "என்ன ரீச்சர், பிள்ளை வந்து ஒரு மாசமாச்சு, கொப்பி வெறுமையாக் கிடக்கு" என்று கேட்டீர்கள். மூன்று வீட்டார் பிள்ளைகளை டவுனுக்கே மாற்றிவிட்டீர்கள். எனக்கு அது விளங்காமலில்லை. விடியப்புறம் கரைவலை இழுத்த காசில் மாதக் கட்டணம் கட்டுகிறவருக்கு, பிள்ளை படிக்கிறது என்பதற்கு எழுதிய கொப்பி ஒன்றுதானே சாட்சி.

முன்பிள்ளைப்பருவப் பராமரிப்புக்கும் அபிவிருத்திக்குமான தேசியக் கொள்கை 2004இல் வந்தது. அதே ஆண்டு மார்கழி 26 கடல் வந்தது. எங்கள் பழைய முன்பள்ளியில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. கொட்டில் போட்டோம், பிறகு கட்டடம் எழும்பியது, 2018இல் அந்தக் கொள்கையும் திருத்தப்பட்டது. நாங்கள் மட்டும் "அ"வை நூறு தரம் எழுதவைத்துக்கொண்டே இருந்தோம். பயிற்சி வகுப்பில் "விளையாட்டினூடான கற்றல்" என்று குறிப்பெடுப்போம். மறுநாள் வந்து கொப்பிக்குக் கோடடிப்போம். நான் அடித்த கோட்டுக்குக் கணக்கேயில்லை.

கொப்பி எழுத்தை விட்டு விளையாட்டால் கற்பிக்க இந்த ஆண்டு துணிந்ததற்கு முதற்காரணம் பிரதேச செயலகத்திலிருந்து வரும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர். இடாப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் பாயில் பிள்ளைகளோடு அரைநாள் இருந்தார். மணிக்கட்டில் எட்டு எலும்பு, மூன்று வயதில் அதில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்பு, பென்சிலுக்கு அவசரப்படவேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தர் அக்கா தன் கையைக் காட்டி விளக்கியதும் பெரிய உதவி.

ஆனால் கூட்டத்தின் போக்கை மாற்றியது ஓர் அம்மம்மா. "ஏடு தொடக்கின பிள்ளை எழுதத்தானே வேணும்" என்று ஒருவர் சத்தம்போட, அவர் எழும்பி, "ஏடு தொடக்கேக்க பென்சிலோ குடுத்தனீங்கள்? அரிசியில விரலாலதானே எழுதினது" என்றார். அதற்கு மேல் நான் பேசவேண்டியிருக்கவில்லை. அடுத்தநாட் காலை சுளகு நிறையக் கடல்மணலோடு வாசலில் நின்றார். அம்மம்மா, அந்தச் சுளகு இப்போது அடி கிழிந்துவிட்டது. குறை நினைக்கவேண்டாம்.

கைக்கெட்டும் உயரத்தில் தட்டு அடித்துத்தந்து, பலகைக்கு மட்டும் காசு வாங்கிய கிண்ணியா நானாவுக்கும், கிழிந்த வலையும் மிதவைகளும் தந்த கரைவலை அண்ணாமாருக்கும் நன்றி. வலைக் கண்ணுக்குள் நூல் கோக்கும் விரலுக்குப் பென்சில் பிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. வலை பொத்தும் அப்பாமாருக்கு இதை நான் சொல்லத் தேவையுமில்லை.

பக்கத்துப் பாடசாலையின் முதலாந்தர ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தன் வகுப்புக்குள் எங்கள் பெற்றோரைக் கூட்டிச்சென்று, தொடக்கக் கிழமைகளில் அங்கேயும் விளையாட்டும் பாட்டும் கதையும்தான் என்று நேரில் காட்டினார். "எழுத்தை நான் பாத்துக்கொள்ளுறன். தன்ர பேரைச் சொல்லவும் முறை வருமட்டும் பொறுக்கவும் தெரிஞ்ச பிள்ளையைத் தாங்கோ. பிழையாப் பென்சில் பிடிச்சுப் பழகின கையைத் திருத்தத்தான் எனக்கு ஒரு தவணை போகுது" என்றார். டவுனுக்குப் போன மூவரில் இருவர் அந்தக் கிழமையே திரும்பி வந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமாட்டேன். எங்கள் கொடுப்பனவு அப்படியேதான் இருக்கிறது, மழைக்குக் கூரை ஒழுகுகிறது. அதற்கு வேறொரு மடல் எழுதவேண்டும்.

கடைசியாக, சந்தி மீன்கடை மாமாவுக்கு. இரண்டு கிழமைக்கென்று தந்த பழைய தராசு ஐந்தாம் மாதமாக எங்களிடம்தான் இருக்கிறது. புளியங்கொட்டை ஒரு தட்டிலும் சிப்பி மறுதட்டிலும் போட்டு, எது பாரமென்று இன்றைக்கும் சண்டை நடந்தது. மூன்றாந் தவணை முடியட்டும், கழுவித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் முன்பள்ளி ரீச்சர்,
சாம்பல்தீவுப் பக்கம், திருகோணமலை