தொடையிடுக்கில் அரித்தால் லாட்ஜ் வைத்தியரிடம் ஓட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாசகர் ஒருவர், தொடையிடுக்கில் வட்ட வட்டமாகத் தடித்து அரிக்கிறது, இது பால்வினை நோயாக இருக்குமோ என்று கேட்டிருந்தார். 'தகுந்த மருத்துவரை அணுகவும்' என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தீர்கள். பதில் தப்பில்லை. ஆனால் அவர் மருத்துவரிடம் போகமாட்டார். எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி ஆட்கள் முதலில் வந்து நிற்பது என் கடை வாசலில்தான்.

வந்ததும் படியேறிவிட மாட்டார்கள். எதிர்த்த டீக்கடையில் நின்று, என் கடையில் பெண்கள் யாரும் இல்லை என்று ஆனபிறகு வருவார்கள். முதலில் தலைவலி மாத்திரை கேட்பார்கள். மீதிச் சில்லறையை வாங்கும்போது குரல் தணியும்: "அண்ணாச்சி, அந்த அரிப்புக்குப் போடுத டியூப் ஒண்ணு குடுங்க." யாருக்கு என்று கேட்டால், கூட வேலை பார்க்கிறவருக்காம்.

அந்தக் கூட வேலை பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் வந்திருப்பது படர்தாமரை. ஓரம் மட்டும் சிவந்து தடித்திருக்கும், நடுவே தெளிந்திருக்கும், செதில் உதிரும், வியர்த்தால் அரிப்பு உயிரை எடுக்கும். இது பூஞ்சை. வயலில் ஈர வேட்டியோடு நிற்கிறவருக்கு வரும், சரியாகக் காயாத ஜீன்ஸை மாட்டிக்கொண்டு பைக்கில் போகிற பையனுக்கு வரும், வீட்டில் எல்லாரும் ஒரே துண்டில் துடைத்தால் எல்லாருக்கும் வரும். அரைஞாண் கயிறு ஈரத்தை இறக்கிவிடாமல் வைத்திருப்பதால் அந்த வரிசையிலேயே இடுப்பைச் சுற்றிப் படர்வதும் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டு விரதம் இருக்கிற சாமிக்கும் வரும். இதில் ஒழுக்கத்துக்கு என்ன வேலை?

ஆபத்து அவர்கள் பெயர் சொல்லிக் கேட்கிற டியூபில் இருக்கிறது. பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டையும் சேர்த்த கலவை அது. போட்ட இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், மருந்து பிரமாதம் என்று தோன்றும். ஸ்டீராய்டு செய்கிற வேலை தோலின் எதிர்ப்பை அடக்குவது. அந்த நிழலில் பூஞ்சை சௌகரியமாகப் பரவும். வட்டமும் கலைந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் தெரிவது கஷ்டம். மாதக்கணக்கில் போட்டவர்களின் தொடையில் வரி வரியாகத் தோல் கிழிந்த தழும்பு விழுந்திருக்கும், அது மறையாது. 2018-இல் இந்த ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. கண்டிப்பாக இருக்கிற கடைக்காரர் வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைக்கிறார், அவ்வளவுதான் நடைமுறை. 2020-இல் தனி இனமாகப் பெயர் பெற்ற ஒரு பூஞ்சைக்கு நம் நாட்டின் பெயரை ஒட்டியே 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று வைத்திருக்கிறார்கள். படர்தாமரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மாத்திரைக்கு அது பல நேரம் மசிவதில்லை. பெருமைப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு சமாசாரம் டாக்டர்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். உறுப்பின் முனையில் வட்டமாகக் கருஞ்சிவப்புத் திட்டு, நடுவில் கொப்புளம், எரிச்சல். டிரைவர் என்றாலே நம் ஊரில் ஒரு பேச்சு உண்டே! மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். "நான் ஒரு தப்புக்கும் போகல அண்ணாச்சி, எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்று கண் கலங்கி நின்றார். அதற்கு முன்னால் என்ன மாத்திரை சாப்பிட்டீர் என்று கேட்டேன். வயிற்றோட்டத்துக்கு வாங்கிய அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது, நாலு மாத்திரை பாக்கி. போன தடவை வயிற்றோட்டத்துக்கும் அதே மாத்திரைதான், திட்டு வந்ததும் அதே இடத்தில்தான். தோல் டாக்டரிடம் அனுப்பினேன். மருந்து ஒவ்வாமை என்று அவரும் உறுதிசெய்தார். ஓட்டத்துக்குக் கொடுக்கும் டினிடசோல், ஆர்னிடசோல் வகைகள், கோட்ரைமாக்சசோல், சில வலி மாத்திரைகள் ஆகியவை சிலருக்கு இப்படிச் செய்யும். உதட்டிலும் உறுப்பிலும் அடிக்கடி வரும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வரும், போனாலும் கறுப்புத் தடம் பலநாள் நிற்கும். இந்த மருந்து இவருக்கு ஆகாது என்று டாக்டர் சீட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டை அவர் நேரே மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ராத்திரியானால் அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், விதைப்பை என்று சிறு சிறு பொரி, வீட்டில் குழந்தைகளும் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு. ஒரே பாயில் படுத்தாலே ஒட்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். வயசுப் பையன்கள் சிலர், உறுப்பின் முனையைச் சுற்றி முத்துக் கோத்தாற்போல் ஊசித்தலை அளவு பொடிப்பொடியாக இருக்கிறதே என்று பயந்து வருவார்கள். பருவம் வந்தபின் பலருக்கு இருப்பதுதான் அது. நோயே இல்லை, மருந்தும் வேண்டாம்.

நோயே இல்லாத இந்த அப்பாவிகளால்தான் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் பிழைக்கிறார்கள். 'மேகம், வெட்டை, ரகசியம் காக்கப்படும், மாதம் ஒருநாள் முகாம்' என்று பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உங்கள் வரி விளம்பரப் பகுதியிலும் அவ்வப்போது இந்த மாதிரி தலைகாட்டுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன்.

சரி, எல்லாமே சாதாரணம்தானா என்றால், இல்லை. நிஜமாகவே பயப்பட வேண்டியது பெரும்பாலும் அரிக்காது. சிபிலிஸ் என்கிற மேகப்புண் உடலுறவுக்குப் பின் 10 முதல் 90 நாளுக்குள், பொதுவாக மூன்று வாரத்தில், வலியில்லாத ஒற்றைப் புண்ணாக வரும். அடி கெட்டியாக இருக்கும். மருந்து போடாவிட்டாலும் சில வாரத்தில் தானே ஆறிவிடும். ஆறியது புண்தான், கிருமி ரத்தத்தில் இருக்கும். அப்புறம் உடம்பெல்லாம், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், செம்புநிறப் புள்ளிகள் வரும். அதுவும் தானே மறையும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்த பையன் ஒருவன் இப்படித்தான் மாட்டிக்கொண்டான். உள்ளங்கைப் புள்ளியை உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, இளநீர் குடித்து, போய்விட்டது என்று இருந்திருக்கிறான். ரத்தப் பரிசோதனையில் வந்து நின்றது, விசா போயிற்று. ஆரம்ப கட்டத்தில் பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை போட்டால் தீருகிற நோய் இது. விட்டுவிட்டால் பல வருஷம் கழித்து இதயத்தையும் மூளையையும் பிடிக்கும்.

கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பி, எரிந்து, உடைந்து, ஆறி, சில மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தால் ஹெர்பிஸாக இருக்கலாம். அக்கி என்று நினைத்து வேளாரிடம் போய்க் காவி எழுதிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அக்கி சின்னம்மை வைரஸால் வருவது, உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டையாக ஓடும், பால்வினை நோய் அல்ல.

ஆக, பார்வைக்குச் சொல்வது பாதிதான். சந்தேகப்படும்படி உறவு இருந்திருந்தால், அரித்தாலும் அரிக்காவிட்டாலும் ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவும் உண்டு, பால்வினை நோய்ப் பிரிவும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்ஐவி சோதனை இலவசம், விஷயம் வெளியே போகாது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் போடலாம், கட்டணமில்லை. நோய் உறுதியானால் கணவன், மனைவி இருவருமே சோதித்துக்கொள்ள வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது, கிருமி வயிற்றுப்பிள்ளையைப் பிடிக்கும். அப்புறம் ஒன்று: புண் வந்த புதிதில் எடுக்கும் விடிஆர்எல் என்கிற சிபிலிஸ் ரத்தச் சோதனையில் 'இல்லை' என்று வருவதுண்டு. அந்தச் சீட்டைக் காட்டி என்னிடம் டியூப் கேட்காமல், டாக்டர் சொன்ன தேதியில் மறுபடியும் போய் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.