கூப்பிடு தூரம், நாற்பது கிலோமீற்றர்

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய காணி உறுதியும் பத்திரமாகக் கிடைத்தன. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. நாங்கள் சுகம். மகளுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்திருக்கிறது. பேரனை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், வீடு திரும்பவும் வீடாக இருக்கிறது.

நீ சொன்ன காரியத்தை முதலில் எழுதிவிடுகிறேன். புங்குடுதீவு வளவைப் போய்ப் பார்த்தேன், படமும் எடுத்தேன். உறுதியைக் காரைநகரில் அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொன்னவன், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அவவின் படலையைத் திறந்தேன். ஆவணியில் வந்து மோட்டார்சைக்கிளில் தனியாகத் தீவுப்பகுதி முழுக்கச் சுற்றப்போவதாக எழுதியிருக்கிறாய். ஆகவே அந்த நாள் போன விதத்தை நீ முழுவதும் அறிந்திருக்க வேண்டும்.

விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே சோளகம் பிடித்துக்கொண்டது. பின்னால் ஓராள் இருந்தால் அந்தப் பாரத்தில் வண்டி நிலத்தைப் பிடிக்கும். தனி ஆளென்றால் காற்று பக்கவாட்டில் நடுறோட்டுக்குத் தள்ளும். அன்று நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குத் தேர். நயினாதீவுக்குப் படகேறுகிற குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்களும் வான்களும் ஒன்றன்பின் ஒன்றாக முந்திக்கொண்டு போயின. ஒவ்வொரு பஸ்ஸும் கடக்கும்போது காற்று ஒரு கணம் அறுந்து, பிறகு இரண்டு மடங்காய் வந்து அடித்தது. அல்லைப்பிட்டி தாண்டும்போதே தோள் இரண்டும் கடுத்துப் போயின.

வாணர் பாலத்தின் நடுவில் பின்சில்லுக்குக் காற்றுப் போனது. அந்த இடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு பக்கமும் பரவைக்கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ரயரைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். உடைமுள், ஏறக்குறைய விரல் நீளம். ஓட்டை எங்கே என்று பிறகு தேடாமல் இருக்க முள்ளை அப்படியே விட்டேன். கைப்பம்பு கொண்டுபோயிருந்தேன், அடிக்க அடிக்கக் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. ஏறி ஓட்டினால் ரியூப் வால்வடியில் கிழிந்துவிடும். தள்ளுவதைத் தவிர வழியில்லை. வாணர் சகோதரர்கள் அலைந்து திரிந்து இந்தப் பாலத்தைக் கொண்டுவந்த கதையை உன் அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! காற்றுப்போன வண்டியோடு நடந்தபோதுதான் அது எவ்வளவு நீளம் என்று என் காலுக்குத் தெரிந்தது. போன வாகனங்களில் நிறையச் சனம். இரண்டு வான்காரர் நிற்பாட்டிக் கேட்டார்கள். ஆனால் ஆளுக்கே இடமில்லாத வானில் மோட்டார்சைக்கிளை எங்கே ஏற்றுவது?

கடைசியில் சீமெந்து ஏற்றிக்கொண்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்த ஒரு பெடியன் இறங்கினான். "ஐயா, பெற்றோலைப் பூட்டுங்கோ, மூட்டைக்கு மேல படுக்கவைப்பம்" என்றான். இரண்டு பேருமாய்த் தூக்கி ஏற்றிக் கயிற்றால் கட்டினோம். மடத்துவெளிப் பக்கம் பஞ்சர் ஒட்டுகிறவரின் கொட்டில் பூட்டு. ஆள் தேருக்குப் போய்விட்டார். பெடியன் ஒன்றும் பேசாமல் தன் வீட்டுக்கே கொண்டுபோனான். முற்றத்தில் வைத்துச் சில்லைக் கழற்றினோம். என்னிடம் ஒட்டு இருந்தது, சொலூஷன் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. அதற்காக அவன் சைக்கிளில் வீடு வீடாய்த் திரிந்து வர ஒன்றரை மணித்தியாலம் போனது.

அந்த நேரம் முழுக்க அவனுடைய தாய் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தா. ரியூபை அமுக்கி ஓட்டை பார்க்க ஒரு வாளி தண்ணீர் கேட்டேன், கிணற்றில் அள்ளித் தந்தா. குடிக்கக் கேட்டபோது உள்ளே போய் மூடிவைத்த குடத்திலிருந்து வார்த்து வந்தா. கிணறு சவர். குடிக்கிறது பவுசரில் வருகிற தண்ணீர், அளந்து செலவழிக்கிறது. அதில் இரண்டு செம்பு எனக்குத் தந்தா, மூன்றாவதும் தரவா என்று கேட்டா. வீட்டைத் திருத்தினால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று நீ எழுதிய கணக்கில் ஒரு வரிகூட இல்லை மச்சான். கூரைக்கும் மாபிளுக்கும் போட்டிருக்கிறாய். முதலில் மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி கட்டு. நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் வளவைப் பற்றி அதிகம் எழுதவில்லை, படங்கள் சொல்லும். 1991 இல் உங்கள் வீட்டார் வெளிக்கிட்டபோது இருந்த கூரை இல்லை, ஓடும் இல்லை, யன்னலும் இல்லை. சமையலறைச் சுவரில் ஆல் முளைத்து வேர் நிலத்துக்கு வந்துவிட்டது. கிணற்றுக்கட்டு மட்டும் உறுதியாக இருக்கிறது. தெற்கு வேலியில் நின்ற பூவரசுகள் மரமாகிவிட்டதால் எல்லை பிடிக்கக் கஷ்டம் இராது.

அங்கிருந்து சரவணை, நாரந்தனை, கரம்பொன் வழியாக ஊர்காவற்றுறைக்குப் போனேன். பாதை என்கிற அந்த மிதவைப் படகில் வண்டியை ஏற்றினால் அடுத்த பக்கம் காரைநகர், அக்கா வீடு பத்து நிமிடம். துறையடியில் பாதை கட்டிக் கிடந்தது. திருத்த வேலையாம், மூன்று மணிக்கு ஓடலாம் என்றார்கள். இருந்தேன். மூன்றரைக்கு, இன்றைக்கு ஓடாது என்று சொன்னார்கள்.

அந்தத் துறையடியில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. காரைநகர்க் கரை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நடுவில் கடற்கோட்டை. அந்தப் பக்கம் நிற்கிறவனின் சேட்டு என்ன நிறம் என்று சொல்லலாம். கூப்பிடு தூரம். ஆனால் அங்கே போக நான் திரும்ப வேலணைக்கு வந்து, பண்ணைப் பாலம் ஏறி, யாழ்ப்பாணம் போய், மானிப்பாய், சங்கானை, மூளாய் என்று முழு வலிகாமம் மேற்கையும் சுற்றிப் பொன்னாலையால் இறங்க வேண்டும். நாற்பது கிலோமீற்றருக்கு மேல். எனக்கென்ன, பெற்றோலும் பொழுதும்தான் நட்டம். என் பக்கத்தில் ஒரு கிழவி பேத்தியைக் கூட்டிக்கொண்டு குந்தியிருந்தா, அடுத்த கரையில் மகள் வீடு. பஸ் மாறி மாறிப் போகக் காசும் இல்லை, பொழுதும் காணாது. எழும்பித் திரும்ப நடந்தா. சங்குப்பிட்டியிலும் முந்திப் பாதைதான் ஓடியது. 2011 இல் 288 மீற்றரில் பாலம் வந்தது. பூநகரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலிருந்த தூரம் அன்றோடு மாறிப்போனது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்று நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பெரியவர்கள் கதைத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பாதை நல்லாய் ஓடுகிற நாளிலும் நியாயம்தான்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "கடலைத் தாண்டேலாதெண்டால் சுத்தி வா தம்பி, நான் இருக்கிறன்" என்றா.

சுற்றினேன். மண்டைதீவுச் சந்திக்கு முன்னால் தேர் முடிந்து திரும்பிய பஸ்களுக்குள் அகப்பட்டு ஊர்ந்தது தனிக்கதை, விடுகிறேன். மூளாய் தாண்டியதும் கிளச் வயர் கைப்பிடியடியில் அறுந்தது. அந்த உப்புக்காற்றில் வயர் உள்ளுக்குள்ளே கறள் பிடித்து நார் நாராய்ப் போயிருந்தது. பொழுது படுகிறது, அந்த இடத்தில் கடையும் இல்லை. அப்போது உன்னுடைய சி.டி. 200 நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாய்க் காபரேட்டருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினோமே, அந்த வண்டி. கிளச் இல்லாமல் அதை எப்படி எடுப்பது என்று நீதான் எனக்குப் பழக்கினாய். நியூற்றலில் ஸ்ரார்ட் பண்ணி, தள்ளிக்கொண்டு ஓடி, உருள்கிற வேகத்தில் ஏறி, முதலாவது கியரை மிதி. பிறகு திறொட்டிலைக் குறைக்கிற அந்தக் கணத்தில் மற்றக் கியரை மாற்று. அப்படியே பொன்னாலைப் பாலத்தை ஓரிடமும் நிற்பாட்டாமல் கடந்தேன். பக்கக் காற்று, மங்கல் வெளிச்சம், நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அந்த நாள் முழுக்க என் கை சொன்னதை வண்டி கேட்டது அந்தப் பாலத்தில் மட்டும்தான்.

அக்கா சாப்பிடாமல் இருந்தா. அம்மன் தேர் என்று மரக்கறி. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பருப்பு, அப்பளம், எல்லாம் திரும்பச் சூடாக்கி வைத்தா. உறுதியை நான் நீட்டியபோது கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வாங்கினா. கண்ணாடியைப் போட்டு அப்பாவின் கையெழுத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "வளவை விக்கிற கதை மட்டும் வேண்டாமெண்டு அவனுக்கு எழுது" என்றா. எழுதிவிட்டேன். என் எண்ணமும் அதுதான். அந்த இரவு அங்கேயே படுத்து, காலையில் புது வயர் போட்டுக்கொண்டு வந்தேன்.

இனி உன் பயணம். தனியாக வேண்டாம், நானும் வருகிறேன், இரண்டு வண்டி எடுப்போம். ஆவணியிலும் சோளகம் இருக்கும், விடியப் புறப்பட்டு வெயிலுக்கு முன் வேலணை தாண்டிவிட வேண்டும். இரண்டு சைஸிலும் ரியூப், புதுச் சொலூஷன், கிளச் வயர், பிளக் எல்லாம் நான் வாங்கிவைக்கிறேன். உன் முழங்கால் உதைத்து ஸ்ரார்ட் பண்ண இடம் தராவிட்டால் சுவிச் ஸ்ரார்ட் வண்டி பார்க்கிறேன், அதை மட்டும் ஒளிக்காமல் சொல். புங்குடுதீவில் அந்தப் பெடியன் வீட்டுக்கு நீயும் ஒருக்கால் வர வேண்டும். நான் காசு நீட்ட அவன் வாங்கவே இல்லை. தாய்க்கு ஒரு நல்ல தண்ணீர்த் தாங்கி வாங்கிக் கொடுப்போம், பாதிக் காசு என்னுடையது.

சேவையரோடு கதைத்துவிட்டேன். எல்லை அளக்க நீயும் நிற்க வேண்டும் என்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்குள் அவரைப் பிடிப்பது கஷ்டம். உன் ரிக்கற் திகதி உறுதியானதும் உடனே எழுது, அதற்கேற்ப அவரை மறிக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்