பாசிக்கு அடியில்

அன்பு மகளுக்கு,

ஒன்ராறியோவின் வடக்கே கப்பஸ்கேசிங்கில் சிக்னல் கிடைத்ததும் நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. கொசுவலைத் தொப்பிக்குள் உன் முகம் பாதிதான் தெரிகிறது. கழுத்தெல்லாம் கறுப்பு ஈ கடித்துத் தடித்திருக்கிறது. பைக்குள் சித்தாலேப வைத்துவிட்டேனே, பூசினாயா?

ஒரு நாளில் 2,000 கன்று நட்டாய் என்று அப்பா காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறார். எனக்கு அந்தச் சப்பாத்துத் தடம் உள்ள படம்தான் மனதில் நிற்கிறது. வெட்டாமல் விட்ட கறுப்பு ஸ்புரூஸ் மரங்களுக்குள்ளே பச்சைப் பாசி மெத்தை. உன் கால் புதைந்த குழிக்குள் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது.

மகள், அந்தப் பாசியை எத்தனையோ வருடமாக நான் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். குசினி ஜன்னலோரக் கறிவேப்பிலைக்குப் பனி முடிந்ததும் மண் மாற்றுவேன் அல்லவா, அந்தப் பிளாஸ்ரிக் பொதிக்குள் இருப்பது பீற் மொஸ். ஈரம் பிடிக்கும், வேருக்கு நல்லது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த முறை ஒரு பிடியை வெள்ளைக் கோப்பையில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். கோப்பித்தூள் நிறம். அதற்குள் மயிர் போன்ற தண்டுகளும் அரிசிக் குறுணியிலும் சின்ன இலைகளும் உக்காமல் அப்படியே கிடந்தன. எத்தனையோ நூறு வருடத்துக்கு முன் செத்த பாசி. நீ நடுகிற கன்றின் வேரைச் சுற்றி இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

அது ஏன் உக்கவில்லை என்று தேடிப் படித்தேன். குளிர், தேங்கிய தண்ணீர், அதோடு ஸ்பாக்னம் என்ற அந்தப் பாசியே சுரக்கும் புளிப்பு. காற்றுப் போகாத இடத்தில் கிருமிகளால் வேலை செய்ய முடிவதில்லை. ஊறுகாய் போட்டதுபோல் செத்தது எல்லாம் அடியில் சேர்ந்துகொண்டே போகிறது. ஆனால் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்கூட ஏறாது. உன் இடுப்பளவு ஆழம் சேர ஆயிரம் வருடத்துக்கும் மேலாகும். நீ நிற்கும் இடத்துக்கு வடக்கே, ஹட்சன் குடாவை ஒட்டிய தாழ்நிலத்தில் மட்டும் இப்படிச் சேர்ந்த கரிமம் சுமார் 3,000 கோடி தொன். கனடாவின் போரியல் காடு, அதாவது வடக்கின் குளிர்க்காடு, 27 கோடி ஹெக்டேயர் என்கிறார்கள். அந்தக் காட்டிலும் மரத்தில் இருப்பதைவிடக் காலடியில் இருக்கும் கரிமமே அதிகம்.

முதற்குடியினரான கிறீ இனத்துப் பெண்கள் முன்பு இந்தப் பாசியைக் காயவைத்துக் குழந்தையைச் சுற்றிக் கட்டுவார்களாம், ஈரம் உறிஞ்ச. உனக்கு நான் பழைய வேட்டித் துணி கிழித்துக் கட்டியது ஞாபகம் வந்தது.

2023 யூனில் ரொறன்ரோ வானம் மஞ்சளாகிக் கிடந்ததே, மறந்திருக்கமாட்டாய். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தும் வீட்டுக்குள் புகை மணந்தது. அம்மம்மா இரவெல்லாம் இருந்தபடியே மூச்சு வாங்கினா. அந்த வருடம் கனடாவில் எரிந்தது ஒன்றரைக் கோடி ஹெக்டேயர், முழு இலங்கையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காட்டுக்கு நெருப்புப் புதிதல்ல, தெரியும். ஜாக் பைன் காய் பிசினால் ஒட்டிக் கிடந்து சூட்டில்தான் வெடிக்கும் என்று நீயே சொன்னாய். ஆனால் இளமரம் காய்க்கும் முன்பே அடுத்த நெருப்பு வந்தால் விதை ஏது? காய்ந்த பாசி நிலத்தில் நெருப்பு கீழே இறங்கிவிடுகிறது. 2024 தொடக்கத்தில் அல்பேர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பனிக்கு அடியில் அது புகைந்துகொண்டிருந்தது.

உன் வேலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. வெட்டிய இடத்தில் நடத்தான் வேண்டும். ஆனால் நீ நட்டது காடாகி, தரையிலும் மரத்திலும் லைக்கன் என்ற கற்பாசி படர்ந்து, ஒரு கரிபு மான் வந்து மேய எத்தனை பத்து வருடம் செல்லும்! 25 சதக் குற்றியில் 1937 தொடக்கம் அதன் தலையைப் பதித்து வைத்திருக்கிறோம். காட்டுக் கரிபுவை அழியும் ஆபத்தில் உள்ளதாக 2003இல் சட்டத்திலும் சேர்த்தாயிற்று. ஆனாலும் அதன் முதிர்ந்த காட்டுக்குள் பாதை போடுவது நிற்கவில்லை. பாதை போட்டால் அதே வழியால் ஓநாயும் வரும்.

இப்போது அந்தத் தாழ்நிலத்துக்குள் குரோமைற்றும் நிக்கலும் எடுக்கப் பெரும் தெரு போடவேண்டும் என்கிறார்கள். பற்றரிக்கு நிக்கல் வேண்டும், மறுக்கவில்லை. தெருவுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வடிந்தால், ஆயிரக்கணக்கான வருடம் ஊறிக் கிடந்தது காற்றுப் பட்டு உக்கத் தொடங்கும், அதிலுள்ள கரிமம் காற்றில் கலக்கும். அந்தச் செலவையும் கணக்கில் எழுதட்டும். அங்குள்ள முதற்குடியினரில் சிலர் தெரு வேண்டும் என்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் பேசி முடிவெடுக்கும்வரை இயந்திரம் இறங்கக்கூடாது என்பதுதான் என் நிலை. காணிக்காரரைக் கேட்காமல் காணி எடுத்தால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனிஷினாபே மக்களின் நான்கு ஊர்கள் சேர்ந்து கேட்டதால்தான் பிமாச்சியோவின் ஆக்கி என்ற அவர்களின் நிலம் 2018இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. 29,000 சதுர கிலோமீற்றர் காடு. ஆகவே முடியாத காரியம் இல்லை. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நீ வந்து ஆங்கிலத்தைத் திருத்தித் தா.

கறிவேப்பிலைக்கு இந்த முறை தென்னந்தும்புத் தூள்தான். கட்டியாக வருகிறது, தண்ணீரில் போட்டால் பொங்கி வாளி நிறைகிறது. இரண்டு துளிர் விட்டிருக்கிறது.

பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் பொதி செய்து அனுப்புகிறேன். கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் கொடு. அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பாசிக்குள் மண்வெட்டியை இறக்காதே, நீளத் தடி ஒன்றை மெதுவாகக் குத்திப் பார். எங்கே தட்டுகிறதோ அந்த அளவைத் தடியில் கீறி, பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் இடுப்புவரை வருகிறதா, தோள்வரை வருகிறதா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்
அம்மா