கல்லுக்குள் மங்கிய கோடு

பொகவந்தலாவை
கார்த்திகை 12

அன்புள்ள சிவலிங்கம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், மனம் ஆறியது. கோத்தகிரியில் இப்போது குளிர் இறங்கியிருக்கும், வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதே. இங்கே மழை ஓய்ந்தபாடில்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் நனைந்த படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு அதே ஈரத்தோடு மலை ஏறுகிறார்கள். என் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்த கேள்வியை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். "பூமிக்குள்ளே யாரும் போய்ப் பார்க்க முடியாதே, எரிமலை வெடிப்பதற்கு முன்னால் அடியில் என்ன நடந்தது என்று எப்படித் தாத்தா தெரியும்?" எவ்வளவு சரியான கேள்வி! முப்பது வருடம் விஞ்ஞானம் கற்பித்தேன், ஒரு பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கிறாள். போன மாதம் கண்டிக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். ஜாவாவின் எரிமலைக் கல் ஒன்றை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினாள். ஒளி ஊடுருவும்படி மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்த்த துண்டு. பார்த்தவுடன் எனக்குப் பேச்சு வரவில்லை. கறுத்த பின்னணியில் நீள்சதுரமாக ஒரு பளிங்கு (கிறிஸ்டல்), அதற்குள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என ஒன்றுக்குள் ஒன்றாக வரிகள். அவள் தட்டைத் திருப்பத் திருப்ப, ஒளிர்ந்த வரி இருண்டது, இருண்ட வரி ஒளிர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வரி நேராக ஓடாமல், கறையான் அரித்த பலகை விளிம்புபோல் சிதைந்திருந்தது. "இங்கேதான் சேர், அடியிலிருந்து சூடான பாறைக்குழம்பு வந்து இதைக் கொஞ்சம் தின்றிருக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி வளர்ந்திருக்கிறது" என்றாள்.

விஷயம் இதுதான். பாறைக்குழம்பு கீழே தங்கி மெல்லக் குளிரும்போது அதில் பளிங்குகள் உருவாகி, படலம் படலமாக வளர்கின்றன. ஒவ்வொரு படலமும் அந்த வேளையில் சுற்றியிருந்த குழம்பின் இயல்பைத் தன்னில் ஏற்றிக்கொள்கிறது. ஆழத்திலிருந்து புதிய சூடான குழம்பு வந்து கலந்தால், அடுத்த படலத்தில் இரும்பும் மக்னீசியமும் கல்சியமும் வேறு விகிதத்தில் அமையும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியை நினைத்துப் பார். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டு விழுந்த இடமெல்லாம் முண்டும் முடிச்சுமாக நிற்கும். உன் அப்பா அந்த முடிச்சுகளைத் தடவிப் பார்த்தே, எந்தக் கவ்வாத்து ஆழமாக விழுந்தது என்று சொல்லிவிடுவாரே.

வரிகள் என்ன நடந்தது என்று சொல்லும். எப்போது நடந்தது என்பதை வரிகளுக்கு இடையிலுள்ள எல்லை சொல்கிறது. என்னை உறங்கவிடாத பகுதி இதுதான். பேத்திக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் சுடுதண்ணீர் ஊற்றி, அசைக்காமல் கொஞ்சம் சாயத்தை மெல்ல அடியில் விடச் சொல். முதலில் தண்ணீரும் சாயமும் தனித்தனியாக நிற்கும். நேரம் போகப் போக எல்லை மங்கும், சாயம் மேலே பரவும். எவ்வளவு தூரம் மங்கியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிடலாம், தண்ணீரின் சூடு தெரிந்திருந்தால். பச்சைத் தண்ணீரில் அதே பரவலுக்கு நெடுநேரம் பிடிக்கும். ஒலிவின் என்ற கனியத்தில் இரும்பும் மக்னீசியமும் இதேபோல்தான் இடம் மாறுகின்றன, ஆனால் ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில். எரிமலை வெடித்துக் குழம்பு வெளியே வந்து சட்டென்று குளிர்ந்ததும் பரவல் அப்படியே நின்றுவிடுகிறது. புதிய குழம்பு வந்து சேர்ந்த நாளுக்கும் வெடித்த நாளுக்கும் இடையிலுள்ள காலம் அந்த மங்கிய கோட்டின் அகலத்தில் இருக்கிறது. அதை அளக்க இலத்திரன் கற்றையால் துருவும் கருவி வேண்டும். கோடு ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வெடித்து 57 பேர் இறந்தது உனக்கு நினைவிருக்கும், அப்போது நாம் வானொலியில் கேட்டோம். அது 1986 வரை விட்டுவிட்டுப் பொங்கியது. அந்தக் கற்களிலிருந்த பைரொக்சீன் என்ற கனியத்தின் பளிங்கு விளிம்புகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விளிம்புகள் வளர்ந்த காலமும் நிலநடுக்கக் கருவிகள் அடியில் அதிர்வைப் பதிந்த காலமும் ஒத்துப்போயின. கல் சொன்னதைக் கருவியும் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு இந்தக் கணக்கை எவரும் வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது. கொஸ்டா ரிக்காவின் இராசு எரிமலை 1963 முதல் 1965 வரை வெடித்தது. அதன் ஒலிவினில் நிக்கல் பரவியிருந்த விதத்தைப் பார்த்து, சுமார் 35 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து குழம்பு சில மாதங்களில் மேலே வந்துவிட்டது என்று கண்டார்கள். கிரேக்கத்தின் சாந்தோரினியில், மூவாயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முந்திய பெருவெடிப்புக்கு முன், கடைசிச் சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே மலைக்கு அடியில் குழம்பு தங்கும் மேல்அறையில் பெருமளவு குழம்பு வந்து நிரம்பியிருக்கிறது. நூற்றாண்டுகளாக உறங்கும் மலை விழிக்க அவ்வளவு குறுகிய காலம்தான்!

நம் மலையில் எரிமலை இல்லை. ஆனாலும் 1883 ஓகஸ்டில் கிரக்கட்டோவா வெடித்தபோது அதன் ஓசை இலங்கையில் கேட்டது. செப்டெம்பரில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததையும் அன்று பதிந்து வைத்திருக்கிறார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்துகொண்டிருந்த காலம் அது. நம் பூட்டன்மார் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று அந்தச் சூரியனைப் பார்த்திருப்பார்கள்.

நம் பாறைகளிலும் பளிங்கு உண்டு. ஆற்றங்கரையில் நாம் பொறுக்கிய சிவப்புக் கார்னெட் கற்களை அந்த மாணவியிடம் காட்டினேன். இவற்றில் பலவற்றின் உள்ளே வளர்ச்சி வரிகள் தெளிவாக இராது என்றாள். 55 கோடி வருடங்களுக்கு முன் நம் மலைப்பாறைகள் ஆழத்தில் கடும் சூட்டில் நெடுங்காலம் இருந்தன, மெல்லத்தான் குளிர்ந்தன. அதனால் வரிகள் பரவி அழிந்தே போயின. திடீரென்று குளிர்ந்த கல்லே பழைய கதையை வைத்திருக்கிறது. கேட்டபோது மனத்துக்குள் ஏதோ அசைந்தது, சிவலிங்கம். நம் சனங்களைத்தான் நினைத்தேன்.

இதை வைத்து நாளை வெடிக்கப்போகும் மலையைச் சொல்ல முடியாது. வெடித்த பிறகுதான் கல் கைக்கு வருகிறது. ஆனால் இந்த மலைக்குக் குழம்பு வந்தபின் மாதங்கள் பிடிக்குமா, வருடங்கள் பிடிக்குமா என்று தெரிந்தால், அடுத்த முறை அதிர்வு தொடங்கும்போது எவ்வளவு நாள் கையில் இருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். பிலிப்பைன்சின் பினட்டுபோவில் 1991 ஏப்ரலில் புகை கிளம்பியது, ஜூன் 15இல் பெருவெடிப்பு. இடைப்பட்ட நாள்களில் பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் 1985 நவம்பரில் ஆபத்து வரைபடம் கையில் இருந்தும் அர்மேரோ நகரம் எரிமலைச் சேற்றில் புதைந்தது, இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீ கேட்காமலே எனக்கு மண்சரிவில் புதைந்த நம் மீரியபெத்தை தோட்டம் நினைவு வருகிறது. அதுவும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்த மலைதானே. 2014 ஒக்டோபர் 29 காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகளுக்குத் திரும்பிவர லய வீடு இருக்கவில்லை. கல்லைப் படிக்க எத்தனையோ பேர் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். படித்ததைக் கேட்டு நடக்கவும் ஆள் வேண்டும்.

கல்யாணத்துக்கு நீ கட்டாயம் வரவேண்டும். பேத்தியையும் கூட்டி வா. அந்தக் கார்னெட்டுகளில் பெரியதை அவளுக்கென்று தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். பேராதனைக்கும் ஒரு நாள் போய்வரலாம், மாணவியிடம் சொல்லியாகிவிட்டது.

அன்புடன்,
ராமையா